மூணு காப்பி

எங்கள் ஸ்டுடியோவுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். "காப்பி அக்கா எங்கே?" என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது காதில் விழுந்திருக்கும். கழுத்தில் ஜெபமாலை, தோளில் கனத்த பை, வகிட்டில் லேசான நரையுடன் ஒரு பெண்மணி உள்ளே நுழைந்ததும், "எனக்குச் சர்க்கரை கம்மியா போதும்மா" என்று சொல்லிவிடுவார்கள். அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை.

"நம்ம காப்பில சர்க்கரையே கெடையாது சார்" என்பார். வந்தவர் விழிப்பார். அந்த விழிப்பை அக்கா ரசிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

ராயப்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஸ்டுடியோ. கல்யாணம், அரங்கேற்றம், பள்ளிக்கூட ஆண்டு விழா, எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால் ஓர் ஆவணப்படம். நான் கேமராமேன். முதலாளிதான் டைரக்டர், எடிட்டர் எல்லாம். அக்காவின் வேலைக்கு மட்டும் எங்கள் விசிட்டிங் கார்டில் பெயர் கிடையாது. இப்போதெல்லாம் கேமராவுக்குள் தபால்தலை அளவில் ஒரு கார்டு. அதில்தான் படம் ஏறுகிறது. நிறைந்தால் கழற்றி, உள்ளே இருப்பதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, கார்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் கேமராவில் போட வேண்டும். அவசரத்தில் மாற்றாமலே துடைத்துவிட்டால் ஒருவருடைய தாலி கட்டும் நேரம் போயே போச்சு. ஒரு ஷூட்டிங்குக்கு எத்தனை கார்டு, எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று முன்னாலேயே திட்டம் போடுவதும், எடுத்ததை மூன்று பிரதியாக்கி மூன்று இடத்தில் வைப்பதும் அக்காவின் பொறுப்பு. பிரதி என்று நாங்கள் யாரும் வாயால் சொன்னதில்லை. காப்பிதான்.

ஒருமுறை தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்த கையோடு அக்கா மேடைக்குப் பின்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேடையிலிருந்து, "அக்கா, மூணு காப்பி ஆயிடுச்சா?" என்று கத்தினேன். நாதஸ்வரச் சத்தத்தில் அப்படித்தான் கேட்க முடியும். சமையற்காரர் காதில் அது விழுந்து, கொஞ்ச நேரத்தில் டபராவோடு மூன்று காப்பி வந்து நின்றது. கொண்டுவந்தவர் பணிவாக நின்றார். அக்கா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். ஒன்றை என் கையில் கொடுத்தார். மூன்றாவதைத் தன் ஃப்ளாஸ்கில் ஊற்றி இறுக்கி மூடினார்.

"ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு வேற எடத்துல. இப்ப தப்பே நடக்காது" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்தப் பெயர் அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு மனிதர்களை அளக்கும் ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் உயரம், நிறம், குணம் என்று பார்ப்பார்கள். அக்கா ஒருவர் பேச ஆரம்பித்தால் எவ்வளவு கார்டு பிடிப்பார் என்று பார்ப்பார். "இவரு அறுபத்து நாலு", "அந்தம்மா நூத்தியிருபத்தெட்டு" என்று சன்னமாகச் சொல்லிவிடுவார். கார்டுகள் அந்தக் கொள்ளளவுகளில்தான் வரும். மயிலாப்பூரில் மணிவிழாத் தம்பதியைப் படமெடுக்க ஒப்புக்கொண்டோம். பெரியவர் ரிடையர்ட் ஆடிட்டர். முந்தின வாரமே அக்கா என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, "ஆளைப் பாக்காம எப்படி சார் டிஸ்க் வாங்குறது?" என்றார். பெரியவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பேரு எப்படி சார் போடணும், டைட்டில்ல?" பெரியவர் தன் தாத்தாவுக்கு அந்தப் பெயர் எந்த க்ஷேத்திரத்தில் வைக்கப்பட்டது என்பதில் தொடங்கினார். நாங்கள் இரண்டாவது தடவை தண்ணீர் குடித்து முடித்தபோதும் அவர் தன் பெயருக்கு வந்து சேரவில்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "ஒரு டிஸ்க் கூட வாங்கிக்கோப்பா. அந்த மாமி பாவம். இத்தனை வருசமா எத்த அழிச்சி எத்த ஏத்துறாங்களோ."

முதலாளிக்கு எல்லாவற்றையும் ஃபோர்-கே துல்லியத்தில் எடுக்க ஆசை. அப்படி எடுத்தால் டிஸ்க் நாலு மடங்கு தின்னும். ஒவ்வொரு ஷூட்டிங்குக்கு முன்னாலும் இதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

"கிளையன்ட் கேக்குறாங்க, நான் என்ன பண்றது" என்பார் முதலாளி.

"கேப்பாங்க சார். எடுத்துக் குடுத்தா அத்த அப்படியே வாட்சப்புல அனுப்புவாங்க. வாட்சப்பு நசுக்கி நசுக்கி மாப்ள மூஞ்சி மாங்கா மாரி போய்ச் சேரும். அதுக்கு இன்னாத்துக்கு ஃபோர்-கே?"

முதலாளி சிரித்துவிடுவார். ஆனாலும் ஃபோர்-கேயில்தான் எடுப்போம். அக்காவும் அதற்கேற்ற டிஸ்க்கை முன்னாலேயே வாங்கி வைத்திருப்பார். பஞ்சாயத்து என்பது ஒரு சடங்கு.

காப்பி எடுத்துவிட்டேன் என்று சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "ஓடுதா?" என்று கேட்பார். கம்ப்யூட்டர் திரையில் பச்சை டிக் விழுந்தாலும் நம்ப மாட்டார். நடுவில் ஓர் இடத்தைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துப் பிறகுதான் அடுத்தது. இந்தக் குணம் வேலையோடு நிற்கவில்லை. ஓட்டலில் சர்வர், "தோசை சொல்லியாச்சும்மா" என்றால், "சொன்னது சரி, கல்லுல கீதா?" என்பார். லிஃப்ட் கதவு மூடியதும் ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பார். தன் தம்பிக்குப் பெண் பார்த்த தரகரிடம், "ஃபோட்டோ நல்லா கீது. பொண்ணு பேசுமா, ஓடவிட்டுப் பாக்கணும்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை அவர் மறுத்தார். தம்பி மறுக்கவில்லை.

மூன்று காப்பியை வைக்கும் இடங்களுக்கும் ஒரு தத்துவம் இருந்தது. ஒன்று ராயப்பேட்டை ஸ்டுடியோவில், இரும்பு பீரோவுக்குள். இரண்டாவது சாந்தோமில் அக்காவின் வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள். அந்த டின்னில் ஈரத்தை இழுக்க, செருப்பு டப்பாக்களில் வரும் சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டிருந்தார். தெருவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் பொட்டலம் அக்காவுக்கு. மூன்றாவது சிந்தாதிரிப்பேட்டையில் அவர் தம்பி நடத்தும் அச்சகத்தின் பரண்மேல்.

"எதுக்கு அக்கா இவ்ளோ தூரம் தூரமா?" என்று கேட்டேன்.

"கடல் பொங்குனா சாந்தோம் போவும். கூவம் பொங்குனா சிந்தாதிரிப்பேட்ட போவும். ரெண்டும் ஒரே நாள்ல பொங்காது."

"பொங்கிச்சுன்னா?"

"ராயப்பேட்ட கீதுல்ல?"

"அதுவும் போச்சுன்னா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு யாருப்பா கல்யாண வீடியோ பாக்கப் போறாங்க?"

ஒரே வண்டியில் இரண்டு காப்பி போகக் கூடாது என்பதும் சட்டம். ஷூட்டிங் முடிந்து நாங்கள் வேனில் ஏறினால், அக்கா ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிப்பார். மழை கொட்டும், அடையாறில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். அப்போதும் அப்படித்தான். வேன் டிரைவருக்கு இதில் தீராத வருத்தம்.

"இன்னாக்கா, எங்க வண்டி மேல நம்பிக்க இல்லியா?"

"உன் மேல கீது நைனா. எதிர்ல வர்ற லாரி மேலதான் இல்ல."

டிரைவருக்கு இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று புரியாது. அவர் வண்டியை மெதுவாக ஓட்டி பஸ்ஸைப் பின்தொடர்வார். ஒரு நிறுத்தத்தில் அக்கா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு, விலகிப் போங்கள் என்று கையைக் காட்டினார். பஸ்ஸும் வேனும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தத்துவம் கெட்டுவிடும் அல்லவா.

ஏன் இப்படி ஆனார் என்று கேட்டவர்களுக்கு அக்கா வேறு வேறு பதில் சொல்வார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாருக்கு வீண் வேலை வைக்கக் கூடாது என்பார். செவ்வாய்க்கிழமைதோறும் கோவிலுக்குப் போய், இந்த வாரமும் உமக்கு வேலையில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வருவாராம். எனக்கு ஒரு தடவை, கேட்காமலே, வேறு ஒன்று சொன்னார். அவருடைய கல்யாணம் டேப்பில் எடுக்கப்பட்டது. சில மாதம் கழித்து மாமியார் அந்த டேப்பிலேயே ஒரு சீரியலைப் பதிவு செய்துவிட்டார்.

"மாலைய போட்டுக்கினு திரும்புறேன்பா. எங்க வூட்டுக்காரரு சிரிக்கப் போறாரு. சரியா அந்த எடத்துல சீரியல் பாட்டு வந்துடுது." சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. "நல்ல சீரியல்தான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அவரு சிரிக்கிறதுக்கு முன்னாடி வரக் கூடாதுல்ல?"

அவர் இதைச் சொன்ன அதே வருஷம்தான் அடையாறிலிருந்து ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எழுபதை ஒட்டிய வயது, வேட்டி, கையில் மடித்த குடை. அவர் மனைவி பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் அவளால பேச முடியாது. அதுக்குள்ள அவ குரலை எடுத்து வச்சுடணும். ஆத்துக்கே வந்து எடுக்கணும். ரெண்டு மணி நேரம் போறும்னு நினைக்கறேன்" என்றார்.

முதலாளி தலையாட்டினார். அக்கா தலையாட்டவில்லை. "நான் ஒரு தடவ வந்து பாத்துடறேன் சார்" என்றார்.

மறுநாள் நானும் போனேன். முதல் மாடி வீடு, ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. அக்கா தன் அளவையைத் தொடங்குவதற்கு முன்னால் டீச்சரே முந்திக்கொண்டார்.

"நான் எவ்வளவு நேரம் பேசுவேன்னுதானே பார்க்க வந்திருக்கேள்? நாற்பது நிமிஷம். ஒரு பீரியட். அதுக்கு மேல எனக்கே பேச வராது. மணி அடிச்சாப்ல நின்னுடும்."

அப்படியேதான் நடந்தது. அடுத்து வந்த நாட்களில் டீச்சர் பீரியட் பீரியடாகப் பேசினார். நடுவில் தண்ணீர், ஓய்வு, மறுபடி ஒரு பீரியட். தென்மேற்குப் பருவமழை ஏன் நம்மை மட்டும் ஏமாற்றுகிறது என்று பேசினார். காவிரியை மூலத்திலிருந்து கடல் வரை, கிளை நதி ஒன்றையும் விடாமல், வாயாலேயே நடத்திக்கொண்டு வந்தார். வரைபடத்தில் இலங்கையைத் தலைகீழாக ஒட்டிய மாணவியைப் பற்றிப் பேசிச் சிரித்தார். இரண்டு மணி நேரம் போதும் என்ற கணவர், கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "இதெல்லாம் நேக்கே சொன்னதில்லையே" என்று என் காதில் சொன்னார். அக்கா திட்டமிட்டு வாங்கி வந்திருந்த டிஸ்க் சரியாகப் போதுமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்குக்கு அடங்கிய ஓர் ஆளைப் பார்த்த மரியாதை அக்காவின் முகத்தில் தெரிந்தது.

அக்கா ஷூட்டிங்கில் யாரிடமும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. அன்றைக்குக் கேட்டார். இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு பீரியடின் முடிவில்.

"டீச்சர், புள்ளைங்கள சாப்ட எப்படிக் கூப்புடுவீங்க? அத்த மட்டும் கூப்புடுங்களேன். அவங்களுக்கு இருக்கட்டும்."

டீச்சர் முகம் மலர்ந்தது. சமையலறையிலிருந்து கூப்பிடுவதுபோல் தலையை லேசாகச் சாய்த்து, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேளச்சேரியில் இருக்கும் மகள் அது காதில் விழுந்தால் எழுந்து வந்திருப்பாள். அவ்வளவு நிஜமாக இருந்தது.

"பையன?" என்றார் அக்கா.

சாய்த்திருந்த தலையை டீச்சர் நிமிர்த்திக்கொண்டார். மூத்த மகன் வெளிநாட்டில் இருந்தார். ஏதோ மனத்தாங்கல், சில வருஷமாகப் பேச்சில்லை. ஆப்பரேஷன் செய்தி சொல்லியும் வரவில்லை. "அம்பி வந்துண்டிருக்கேன்னு சொல்லிண்டே இருக்கான்" என்று கணவர் சொல்லியிருந்தார். டீச்சர் கேமராவை நேராகப் பார்த்தார். பிறகு அந்த மகனைப் பற்றிப் பேசினார். அதிகம் இல்லை, சில வாக்கியங்கள்தான். கத்தவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற நிதானத்திலேயே சொன்னார். என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்டுக்கொண்டிருந்த கணவர் உள்ளே போய்விட்டார். என் கை கேமராவை நிறுத்தப் போனது. அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். ஓடிக்கொண்டிருப்பதை நடுவில் நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் அந்த மகன் வந்து இறங்கினார். கணவர்தான் ஃபோனில் சொன்னார். "ரெண்டு பேரும் பேசிண்டிருக்கா. நிறுத்தவே மாட்டேங்கறா. பீரியடெல்லாம் தாண்டிப் போயிடுத்து" என்றார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேற நாளாயிற்று. அதனால் படத்தை முடித்துக் கொடுக்க நாங்களும் அவசரப்படவில்லை. ஒரு நாள் காலையில் டீச்சரே கணவரோடு ஸ்டுடியோ மாடி ஏறி வந்தார். கழுத்தில் சுற்றிய மெல்லிய துணி, கையில் குழந்தைகள் எழுதுகிற சின்ன வெள்ளைப் பலகை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுதி அக்காவிடம் நீட்டினார்.

"அம்பியைப் பற்றி நான் பேசியதை அழித்துவிட வேண்டும்."

அக்கா படித்தார். டீச்சர் விரலால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

"திருத்திச் சொல்ல இப்போது குரல் இல்லை."

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் எதையும் ஒரேயடியாக அழித்து நான் பார்த்ததில்லை. மின்சாரம் போய் இருட்டாகப் பதிவானதைக்கூட வைத்திருந்தார்.

அவர்கள் போனபின் முதலாளி சொன்னார்: "படத்துல அந்த இடம் வராது, வெட்டிடலாம். ஆனா ஒரிஜினல் ஒரு காப்பியாவது இருக்கட்டும். எங்கேயாவது ஓரமா. யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார்.

"நீங்கதானேக்கா சொல்லுவீங்க, ஒண்ணு வேற இடத்துல இருக்கணும்னு? நாளைக்கு அவங்களே மனசு மாறி வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க? அந்தப் பையனே வந்து கேட்டா?"

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஜெபமாலையை விரலில் சுற்றி அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நான் சொன்னது தொலைஞ்சி போறதப் பத்தி. இது தொலையல. பேசனவங்களே வந்து திருப்பிக் கேக்குறாங்க. குடுத்துடணும்."

"அக்கா..."

"அது என் வாயால கேட்டு வந்த வார்த்த சார். நான் கேக்காம இருந்தா அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க."

முதலாளி எழுந்தார். பீரோ சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அக்கா எனக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டுடியோ டிஸ்க்கைத் திறந்தார். அந்தப் பிற்பகலைக் கண்டுபிடித்தார். அதில் மகளைக் கூப்பிட்டது வரை தனியாக எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மீதியை நீக்கினார். வழக்கமாக ஒலியைக் கூட்டி வைத்துக் காதைக் கொடுப்பவர், இந்த முறை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார். பிறகு அதே நிதானத்தோடு திரும்பத் திறந்து, அங்கே அது இல்லை என்பதைச் சரிபார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் என்னையும் பார்க்கச் சொன்னார்.

அடுத்து சிந்தாதிரிப்பேட்டை. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். தம்பியின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. பரணில் ஏறி டிஸ்க்கை இறக்கிக் கொடுத்த தம்பி, "இன்னாக்கா, புதுசா ஏத்தப் போறியா?" என்று கேட்டார். "இல்லடா, எறக்கப் போறேன்" என்றார் அக்கா. தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு முக்காலியில் லேப்டாப்பை வைத்து, முன்பு செய்ததையே மறுபடி செய்தார். பிறகு சாந்தோம். பிஸ்கட் டின், பொட்டலங்கள், அதே வேலை. வெளியே கோவில் மணி அடித்தது. அக்கா ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டார், வேலையை நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உன் லேப்டாப்புல?" என்றார்.

முதலாளியின் எடிட்டுக்குக் குறிப்பெடுக்க நான் சின்ன அளவில் ஒரு காப்பி எடுத்திருந்தேன். நானே மறந்திருந்தது. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து, அதையும் அவர் கண்முன்னால் நீக்கினேன். திரும்பத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

"சரி" என்றார். எதையோ தூக்கிக்கொண்டு வந்து இறக்கி வைத்தவர்போல் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் கிளம்பும்போது, "பத்திரமா போப்பா" என்றார்.

படத்தை வாங்கிக்கொள்ள மகன்தான் வந்தார். லீவை நீட்டிக்கொண்டு தங்கியிருந்தார்; வெளிநாடு திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. நாற்பது வயதிருக்கும். நெற்றி அப்படியே டீச்சருடையது. எங்கள் வழக்கப்படி அக்கா அவரை உட்காரவைத்து, நடு நடுவே ஓட்டிக் காட்டினார். பருவமழை வந்தது, காவிரி வந்தது, தலைகீழ் இலங்கை வந்தது. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா தங்கையைச் சாப்பிடக் கூப்பிடும் இடம் வந்தது. அதோடு அந்தப் பகுதி முடிந்துவிட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வராம இருந்தேனே, அப்போ என்னைப் பத்தி அம்மா ஏதாவது சொன்னாளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பொய் சொல்லப் பழகாதவர்.

"சொன்னாங்கப்பா. கோவமா சொன்னாங்க. அப்புறம் அவங்களே வந்து அழிச்சிடச் சொன்னாங்க. அழிச்சாச்சு. எங்கியும் இல்ல."

"நீங்க கேட்டேளோன்னோ? என்ன சொன்னா?"

எந்தக் கல்யாணத்தில் எந்தக் கார்டில் யார் தும்மினார்கள் என்பதுவரை சொல்லக்கூடிய அக்கா, நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"ஞாபகம் இல்லப்பா" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையசைத்தேன்.

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். பிறகு அவராகவே சொன்னார்: "நான் வந்த அன்னிக்கு, பெட்டியைத் தூக்கிண்டு மாடிப்படி ஏறிண்டிருந்தேன். மேலேர்ந்து கூப்பிட்டா. பாதிக்கு மேல குரலே இல்லை, காத்துதான் வந்தது. ஆனா சாப்பிடக் கூப்பிடற மாதிரியே கூப்பிட்டா."

"எப்படிக் கூப்புட்டாங்க?" என்றார் அக்கா.

அவர் கூச்சப்பட்டார். பிறகு தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, "அம்பீ" என்றார்.

மேஜைமேல் கேமரா இருந்தது. மைக்கும் இருந்தது. என் கை தன்னால் அந்தப் பக்கம் போயிற்று. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. முழங்கையை மேஜையில் ஊன்றி, கன்னத்தில் கைவைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ கூப்புடுங்க" என்றார்.

அவர் தொண்டையைக் கனைக்கப் போய், கனைக்காமல் விட்டார். கரகரப்பு அப்படியே இருக்கக் கூப்பிட்டார். இந்தத் தடவை அதில் மகனின் குரல் கொஞ்சமும் இல்லை, டீச்சருடையதுதான்.